ஒக்டோபரில் அல்புலா: நிழலைக் கணக்கிட்டு ஏறுங்கள்

அல்ப்ஸ் மலைகளில் கோடையில் சைக்கிள் ஓடுவதற்கு இரண்டு கணக்குப் போதும்: எத்தனை கிலோமீற்றர் தூரம், எத்தனை மீற்றர் ஏற்றம். ஒக்டோபரில் மூன்றாவது கணக்கு ஒன்று சேர்ந்துகொள்கிறது. எந்தச் சரிவில் எத்தனை மணி வரைக்கும் வெயில் நிற்கும் என்பது. தனியாகப் போகிறவருக்கு மற்ற இரண்டையும்விட இதுதான் முக்கியம். பல இலையுதிர் காலங்களில் இந்த மலைகளில் ஓடிய அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்வேன்.

ஜூன் மாத நடுப்பகலில் இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 67 பாகை உயரத்தில் நிற்கும். ஒக்டோபர் நடுவில் அது 35 பாகைதான். தெற்கே ஒரு மலைமுகடு இருந்தால் போதும், அதன் அடிவாரத்து வீதிக்கு நாள் முழுவதும் வெயில் கிடையாது. இரவில் படிந்த உறைபனி அப்படிப்பட்ட வளைவுகளில் மத்தியானம் தாண்டியும் கிடக்கும். பத்து மீற்றர் முன்னால் வீதி காய்ந்து வெதுவெதுப்பாக இருந்திருக்கும். ஆகவேதான் உயர வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன், எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

இதைப் பழகுவதற்கு நல்ல இடம் அல்புலா கணவாய். சுவிற்சர்லாந்தின் கிழக்கே, கிறவ்புண்டன் மாநிலத்தில் இருக்கிறது. ஃபிலிசூர் கிராமத்தில் ஏறக்குறைய 1030 மீற்றரில் தொடங்கி, பெர்க்யூன், ப்ரேடா வழியாக 2312 மீற்றருக்கு ஏறி, மறுபக்கம் எங்கடின் பள்ளத்தாக்கில் 1687 மீற்றரில் இருக்கும் லா புன்ட் கிராமத்துக்கு இறங்கும் வீதி. ஏற்றம் 22, 23 கிலோமீற்றர், இறக்கம் 9. தனியாகப் போகிறவர்களுக்கு இதை நான் சொல்வதற்கு முதற்காரணம் ரயில். ஃபிலிசூர், பெர்க்யூன், ப்ரேடா மூன்றிலும் நிலையம் உண்டு, லா புன்டிலும் உண்டு. ப்ரேடா வரைக்கும் உடம்போ வானமோ மறுத்தால் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடலாம். துணைக்கு ஆள் இல்லாத நாளில் அந்தத் தண்டவாளம்தான் துணை.

ஒக்டோபர் நடுவில் ஏழரை மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும். அதிகாலையில் கிளம்புவதில் எந்த இலாபமும் இல்லை. தெளிந்த இரவுக்குப் பிறகு குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிக் கிடக்கும். மேலே போகப் போகக் குளிரும் என்ற பொதுவிதி அந்நேரத்தில் தலைகீழாகிவிடும். ஃபிலிசூரில் விரல் விறைக்கும், 300 மீற்றர் மேலே பெர்க்யூனின் வெயிலில் மேல்சட்டையைத் திறக்க வேண்டிவரும். நான் 9 மணிக்குத்தான் கிளம்புவேன். 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் உச்சியில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. ஃபிலிசூருக்குப் பக்கத்தில் 65 மீற்றர் உயரமான லான்ட்வாசர் ரயில் பாலம் இருக்கிறது, அழகானது. ஆனால் அதைப் பார்க்க வேறொரு நாள் வாருங்கள். காலையில் அங்கே செலவழிக்கும் அரை மணித்தியாலம் பிற்பகலின் வெயிலிலிருந்து கழியும்.

ஏறும்போது வியர்க்கக் கூடாது. கோடைக்காரருக்கு இது விசித்திரமாகப் படலாம். நனைந்த உள்சட்டையோடு உச்சிக்குப் போய், அதோடேயே இறங்குவதுதான் இந்தப் பருவத்தில் உடம்புக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல். ஆகவே முதல் ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் போக வேண்டும். மூச்சு வாங்கினால் கியரை இறக்குங்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் யாருக்கும் வெட்கமில்லை. சூடு ஏறுவதற்கு முன்னமே ஒரு உடுப்பைக் கழற்றிவிட வேண்டும், குளிர் பிடிப்பதற்கு முன்னமே போட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் நின்று செய்யுங்கள். கையை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே சட்டை மாற்றுகிறவர்களை ரிவியில் பார்க்கலாம். அவர்களுக்குப் பின்னால் கார் ஒன்று வருகிறது.

ஃபிலிசூருக்கும் பெர்க்யூனுக்கும் இடையில் பெர்க்யூன் பாறை என்று சொல்லப்படும் துண்டு வரும். ஆழமான பள்ளம், ஒடுங்கிய வீதி, பக்கத்தில் செங்குத்தான கல். 1696இல் வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்து இந்த வழியைத் திறந்தார்கள். காலையில் வெயில் எட்டாத இடம், பாறையிலிருந்து தண்ணீரும் கசியும். ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் வழுக்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதே இடத்தில் காலையில் இறங்குவது வேறு விடயம். அல்புலாவை ஃபிலிசூர் பக்கமிருந்து ஏறச் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஒடுங்கிய இடங்களில் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். நான் பகலிலும் பின் சிவப்பு லைற்றை எரியவிட்டே ஓடுவேன். தாழ்ந்த வெயில் கண்ணுக்கு நேரே அடிக்கும்போது சாரதிக்கு முன்னால் போகும் சைக்கிள் தெரியாது; அந்தச் சிறிய சிவப்புத்தான் தெரியும். எந்தச் சுவிஸ் மலைவீதியிலும் மஞ்சள் அஞ்சல் பஸ்ஸின் மூன்று சுரக் கொம்பொலி வளைவுக்கு அப்பால் கேட்டால் ஓரத்தில் இறங்கி நின்றுவிடுங்கள்.

பெர்க்யூன்தான் கடைசி ஊர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மாடுகளைச் செப்டெம்பரிலேயே மேய்ச்சல் நிலத்திலிருந்து கீழே கொண்டுவந்துவிடுவார்கள், மேலே உள்ள குடில்களும் சாப்பாட்டுக் கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்படும். உச்சியில் உள்ள விடுதியும் பூட்டியிருக்கும் என்று நினைத்தே போங்கள், திறந்திருந்தால் அதிர்ஷ்டம். கிராமத்துத் தொட்டியில் விழும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம், குடிநீர் அல்ல என்று எழுதியிருந்தாலொழிய. குளிரில் தாகம் தெரியாது, அதனால் தாகத்தை நம்பாமல் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். ஒரு போத்தலில் தண்ணீர், சட்டைப் பையில் அடங்கும் சிறிய பிளாஸ்கில் சீனி கூடப் போட்ட இஞ்சித் தேத்தண்ணி. சாப்பாட்டுக்கு, கடைகளில் விற்கும் சத்துக் கட்டிகள் குளிரில் கல்லாகிவிடும். பேரீச்சம்பழமும் பட்டர் பூசிய பாணும் எந்த உயரத்திலும் சாப்பிடக்கூடியவை. முக்கால் மணிக்கு ஒரு தரம், பசிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள்.

பெர்க்யூனிலிருந்து ப்ரேடாவுக்கு 416 மீற்றர் உயர வித்தியாசம். நேராக ஏற முடியாததால் ரயில் மலைக்குள் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு போகிறது. 1903இல் திறக்கப்பட்ட பாதை இது, 2008இலிருந்து உலக மரபுரிமைச் சின்னம். வீதியில் ஏறும்போது சிவப்பு ரயில் ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம், ஒரு தரம் தலைக்கு மேலே போகும். ரயிலோடு வேகத்தில் போட்டி போட வேண்டாம். பார்த்துக்கொண்டு மெதுவாக ஏறுங்கள்.

ப்ரேடாவில் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். என் விதி: பதினொன்றரைக்குள் ப்ரேடா வராவிட்டால் அங்கிருந்து ரயில். வீட்டிலேயே, இளைப்பில்லாத தலையோடு, எழுதிவைத்துவிட்டு வரும் விதி அது. களைத்த பிறகு எடுக்கும் முடிவுகளில் ஆசைதான் பேசும், கூட வந்தவர் ஒருவர் இருந்தால் மறுத்துப் பேசுவார். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் காலையில் எழுதிவைத்த நேரம்தான்.

வீட்டில் இதே கணக்கை என் மனைவியும் வைத்திருக்கிறார். எத்தனை கிலோமீற்றர் என்று கேட்கமாட்டார்.

“லா புன்டில எத்தனை மணிக்கு நிப்பீங்கள்?”

“ரெண்டுக்குள்ள.”

“அப்ப ரெண்டரைக்கு நான் கோல் எடுப்பன். மறுமொழி இல்லாட்டி?”

“மூண்டுக்குத் திருப்பி எடும். அதுக்கும் இல்லாட்டி 112க்கு அடியும். எந்த வழியால போறன் எண்டு மேசையில எழுதி வச்சிருக்கு.”

மீட்பு ஹெலிகொப்டர் சேவையான ரேகாவின் 1414 எண் என் கைப்பேசியில் முதலாவதாக இருக்கிறது. குளிரில் பற்றரி வேகமாக இறங்கும் என்பதால் பேசியை ஹாண்டிலில் மாட்டாமல் உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்ளுங்கள். மலை மறைத்தால் சிக்னல் இருக்காது. எழுதிவைத்த தாளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ப்ரேடாவுக்கு மேலே, 1918 மீற்றரில், பல்புவோஞா ஏரி. 2007இல் சுவிஸ் தொலைக்காட்சி நேயர்கள் நாட்டின் மிக அழகான இடமாக இதைத் தெரிவுசெய்தார்கள். அந்தத் தெரிவோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், சுற்றிவர லார்ச் மரங்கள். ஐரோப்பாவின் ஊசியிலை மரங்களில் இலையை உதிர்ப்பது இந்த லார்ச் மட்டும்தான். உதிர்ப்பதற்கு முன் முழு மரமும் பொன்னாகிவிடும். மாட்டு மணி இல்லை, மோட்டார் சைக்கிள் குறைவு, காற்று அசைந்தால் ஊசிகள் கொட்டும் மெல்லிய சத்தம் கேட்கும். கூட்டமாக வந்த நாட்களில் இந்தச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. தனியாகப் போவதன் ஆபத்துகளை இவ்வளவு சொல்லிக்கொண்டே அதைக் கைவிடாமல் இருப்பதற்குக் காரணம் இந்த இடம்தான். இங்கே பத்து நிமிடம் நில்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

உச்சியில் படம் எடுப்பதற்கு முன் உடுப்பு மாற்றுங்கள். பிளாஸ்ரிக் பையில் சுற்றிய உலர்ந்த உள்சட்டை, கழுத்துத் துணி, தடித்த கையுறை, காற்றுப் புகாத மேலங்கி. ஏறும்போது போட்ட மெல்லிய கையுறை நனைந்திருக்கும், அதை இறக்கத்துக்குப் பாவிக்க வேண்டாம். மேலங்கிக்குள் நெஞ்சோடு ஒரு பழைய பத்திரிகையை வைத்தால் காற்று அறையாது. பழைய காலத்துப் போட்டியாளர்கள் செய்தது, இன்றைக்கும் அதைவிட மலிவாக ஒன்று வரவில்லை. 5 பாகைக் காற்றில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே. முதலில் போவது விரல்கள். விரல் போனால் பிறேக் போயிற்று.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில்தான் ஓடியது. விறகும் நோயாளியும்கூடக் கரியரில் போனார்கள். ஆனால் அந்த நிலம் தட்டை. 9 கிலோமீற்றருக்கு 600 மீற்றருக்கு மேல் இறங்குவது என்ன என்று அந்த நிலம் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் ஊரில் இருந்து வந்த தம்பிமாருக்கு நான் முதலில் பழக்குவது இறக்கத்தைத்தான். கைகளை ஹாண்டிலின் கீழ்ப்பகுதியில் வையுங்கள், பிறேக்கில் பலம் கூடக் கிடைக்கும். வளைவுக்கு முன், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிறேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள்; வளைவுக்குள் பிறேக்கைத் தொடாதீர்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பின் பாரம் அதன்மேல், கண் வளைவின் முடிவில். விளிம்பில் பிடிக்கும் பழைய பிறேக் என்றால் தொடர்ந்து அழுத்தாமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள், சூடேறினால் ரியூப் வெடிக்கலாம்.

இலையுதிர் காலத்துக்கு மட்டும் உரிய இரண்டு விடயங்கள் உண்டு. நனைந்த லார்ச் ஊசிகள் வளைவுகளில் மெழுகுபோல் வழுக்கும். கார்ச் சில்லுகள் போய்ப்போய் ஊசிகளை ஒதுக்கிய தடம் இரண்டு கோடாகத் தெரியும், அதற்குள்ளேயே ஓடுங்கள். வீதியின் நடுவும் ஓரமும் ஊசிகளுக்கு உரியவை. மற்றது கண். வெயிலிலிருந்து நிழலுக்குள் பாயும்போது கண் பழகுவதற்குச் சில கணங்கள் எடுக்கும், அதற்குள் சைக்கிள் முப்பது மீற்றர் போயிருக்கும். கறுப்புக் கண்ணாடியை உச்சியிலேயே கழற்றிவிட்டு வெள்ளைக் கண்ணாடி போடுங்கள், நிழலின் விளிம்புக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள். லா புன்ட் பக்கச் சரிவு கிழக்கைப் பார்த்தது. பிற்பகலில் முதலில் நிழலுக்குள் போவது அதுதான். 1 மணிக்கு இறங்குகிறவருக்கும் 4 மணிக்கு இறங்குகிறவருக்கும் அது இரண்டு வேறு வீதிகள். விரல் விறைத்தால் பாதுகாப்பான ஓரத்தில் நின்று, கைகளைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் போங்கள். பொறுமைக்கு இங்கே கூலி உண்டு.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக: 28 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட ரயர், கோடையைவிடக் கொஞ்சம் குறைந்த காற்று. இரண்டு ரியூப், காற்றடிக்கும் கைப்பம்பி. பிறேக் கட்டைகளைக் கிளம்புவதற்கு முதல் நாள் பாருங்கள்.

லார்ச் பொன்னாவது பெரும்பாலும் ஒக்டோபர் நடுவில், உயரத்துக்கு உயரம் சில நாள் வித்தியாசத்தோடு. ஒரு பெரிய பனி விழுந்தால் கணவாயை மூடிவிடுவார்கள், பிறகு அடுத்த வசந்தம்தான். பனிக்காலத்தில் ப்ரேடாவிலிருந்து பெர்க்யூனுக்கு இறங்கும் அந்த வீதியில் 6 கிலோமீற்றருக்குப் பனிச்சறுக்கு வண்டிகள் ஓடும். ஆகவே முதல் நாள் மாலை வீதி அறிவித்தலையும் வானிலையையும் இரண்டையும் பாருங்கள். வெயில் சொல்லியிருந்தாலும் வீதி மூடியிருக்கலாம். சைக்கிளுக்கு ரயிலில் தனி ரிக்கற் வேண்டும், காலையிலேயே வாங்கிவிடுங்கள். வார நாளில் லீவு எடுக்க முடிந்தால் எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வாகனங்கள் கூட.