ஐராவதிக் கரையின் பழம்படங்கள்

வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் போற்றும் அளவிற்குப் பழைய ஒளிப்படங்களைப் போற்றுவதில்லை. பர்மாவின் ஐராவதிக் கரையூர்களை 1855-இல் படமாக்கிய லின்னேயஸ் டிரைப்பின் பணி, இப்போக்கினை மாற்ற வல்லது.

1852-ஆம் ஆண்டுப் போரில் பெகு நாட்டைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதற்கு மிண்டோன் மன்னரின் இசைவைப் பெற விரும்பி 1855-இல் அமரபுரத்திற்குத் தூதுக்குழு ஒன்றை ஆற்றுவழியே அனுப்பினர். ஆர்தர் பேய்ர் அதன் தலைவர். ஹென்றி யூல் செயலர். சென்னைப் படை அதிகாரியாகிய டிரைப் ஒளிப்படம் எடுக்க உடன் சென்றார். மன்னர் உடன்படவில்லை. தூது பொய்த்தது, படங்கள் நின்றன.

நோயும் மழையும் போக அவருக்குக் கிடைத்த வேலை நாள்கள் 36 மட்டுமே. மெழுகு தோய்த்த தாளில் ஒளி பதிய நெடுநேரம் வேண்டும். ஆதலின் அசைவன பதியவில்லை. வானமோ வெறுமையாக வெளுத்தது. எனவே எதிர்மறைத் தாளின்மீது மேகங்களை அவரே தீட்டினார்! அம்மேகங்களைச் சான்றாகக் கொள்ளலாகாது. தெருவில் ஆளில்லை என்பதால் ஊர் பாழ்பட்டிருந்தது என முடிவு செய்தலும் பிழை. ஆற்றை நம்பி வாழ்ந்த உழவரும் படகோட்டிகளும் இப்படங்களில் அரிதாகவே தென்படுகின்றனர். அரசுத் தூதின் கண் கோயிலையும் கோட்டையையுமே நாடியது என்பதும் அதற்கொரு காரணம். பாடவேறுபாடு நோக்கிச் சுவடியைப் பயில்வது போலவே படத்தையும் பயிலுதல் வேண்டும்.

அங்ஙனம் பயில்வார்க்குப் பயன் பெரிது. பகான் நகரின் கடோபலின் கோயில் 1975 சூலை 8-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சிதைந்து, பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்றது. அதன் பழைய வடிவம் 120 ஆண்டுகட்கு முற்பட்ட டிரைப்பின் படத்தில் உள்ளது. (நானாதேசி விண்ணகரத்தைக் குறிக்கும் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் இப்பகானிலேயே.) அமரபுரமோ இன்னும் இரங்கத்தக்கது. மிண்டோன் 1857-இல் மாண்டலே நகரை நிறுவவே, அரண்மனையின் மரக்கட்டடங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்குச் சென்றன. தலைநகராய் விளங்கிய அமரபுரத்தின் இறுதி ஆண்டுகளையே நாம் இப்படங்களில் காண்கிறோம்.

பெங்களூர் திரும்பிய டிரைப், 120 படங்கள் கொண்ட தொகுதியை 50 படிகள் அச்சிட்டார். பின்னர்ச் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராகி, 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒன்றாக இணைத்தார். கல்வெட்டு ஆய்வாளர் வாழ்த்தத்தக்க இப்பணியை, 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் வீண்செலவெனக் கருதி நிறுத்திவிட்டார்.