கையெழுத்துப் போடும் முன்

விடியற்காலை 4 மணி. தாராவியில் ஒரு சந்து. இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கிறது.

தாராவியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் பலர். இன்று இட்லி செய்து மும்பை எங்கும் விற்பவர்களும் உண்டு. அப்படி இட்லி விற்கும் ஒரு தாயை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கதைதான் இந்தப் பாடம்.

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட 8 மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அந்தத் தாயின் மகன் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். தாய் மாலை வகுப்பில் சேர்ந்து இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் இரவு மகனின் நோட்டை எடுத்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

“ஏல, இதைப் படி பாப்போம்” என்றார்.

மகன் திணறினான். இரண்டு சொல்லைக் கூடச் சேர்த்துப் படிக்க வரவில்லை. தாய் மெல்லக் கூட்டிப் படித்தார். மகன் தலை குனிந்தான்.

“எங்க டீச்சர் போயி ரெண்டு மாசம் ஆச்சும்மா. பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து போர்டுல எழுதிப் போட்டுட்டுப் போயிருவாங்க. நாங்க பாத்து எழுதுவோம்.”

அவன் எழுதவில்லை. எழுத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான். தாய்க்கு அன்று தூக்கம் வரவில்லை. ஏன் தெரியுமா? அவரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் உறுப்பினர். கூட்டத்துக்குப் போவார். காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பார். திரும்பி வருவார். எதற்கு வைத்தோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த கூட்டம் வந்தது. தலைமை ஆசிரியர் பதிவேட்டை நீட்டினார்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

“என்ன எழுதியிருக்கு சார்?”

“வழக்கமா எழுதுறதுதான்.”

“மராத்தி எனக்கு வாசிக்க வராது சார். படிச்சுச் சொல்லுங்க.”

தலைமை ஆசிரியர் படித்தார். எல்லா வகுப்பிலும் பாடம் ஒழுங்காக நடக்கிறது என்று அதில் இருந்தது.

“அஞ்சாம் வகுப்புல நடக்கலையே சார். இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

அறையில் யாரும் பேசவில்லை. பிறகு தலைமை ஆசிரியரே சொன்னார்.

“அந்த டீச்சருக்கு மாற்றல் ஆயிருச்சு. பதிலுக்கு ஆள் வரலை. மேலே சொல்லியிருக்கேன். நான் என்னம்மா செய்ய?”

“வாயால சொன்னீங்களா, எழுதிக் கொடுத்தீங்களா சார்?”

பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனார் சொன்னார்: “அக்கா கேக்குறது நியாயந்தான் சார். உங்க மேல குத்தம் சொல்லலை. உள்ளதை எழுதுவோம். நாங்களும் கையெழுத்துப் போடுறோம்.”

பழைய வரி அடிக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்று தேதியோடு எழுதினார்கள். கல்வி அதிகாரிக்குக் குழுவின் பெயரில் மனு போனது. நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து ஆசிரியர் வந்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினமும் அரை மணி நேரம் தனியாகப் பாடம் நடத்துகிறார். மகன் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். இழந்த மாதங்களை மீட்க இன்னும் நாளாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை உண்டு.

ஆசிரியரின் கடமைகளை இந்தச் சட்டம் சொல்கிறது. தவறாமல், நேரத்துக்குப் பள்ளிக்கு வர வேண்டும். பாடத்தை உரிய காலத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று பார்க்க வேண்டும். தேவையானால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அரசுக்கும் மாநகராட்சிக்கும் கடமை உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஆண்டுக்கு 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் உதவி ஆகியவை தவிர வேறு வெளி வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் 4 பேரில் 3 பேராவது பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது, பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது குழுவின் வேலை.

குறை தீரவில்லையா? மாநகராட்சிக்கு எழுத்து மூலம் புகார் தரலாம். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது.

நம் பொறுப்பு

டீச்சரைத் திட்டுவது வேறு, பொறுப்புக் கேட்பது வேறு. வகுப்புக்கு ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். ஆள் போடுவதற்கு மாநகராட்சி. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேளுங்கள். பிள்ளையைத் தினமும் பள்ளிக்கு அனுப்புவது நம் கடமை. நோட்டைத் திறந்து பார்ப்பதும் நம் கடமை.

தெரியாத மொழியில் எழுதியிருந்தால் வெட்கப்படாதீர்கள். படித்துச் சொல்லச் சொல்லுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

புதிய சொற்கள்
பதிவேடு – நடந்ததை எழுதி வைக்கும் புத்தகம்
மனு – வேண்டுகோளை எழுதிய கடிதம்
நகல் – ஒன்றைப் போல எடுத்த இன்னொரு பிரதி

பேசிப் பாருங்கள்
1. தாய் ஏன் உடனே கையெழுத்துப் போடவில்லை?
2. வாயால் சொல்வதற்கும் எழுதிக் கொடுப்பதற்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் பிள்ளையின் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?

செய்து பாருங்கள்
இன்று இரவு உங்கள் பிள்ளையின் நோட்டை எடுங்கள். ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நீங்களும் படியுங்கள்.