இரங்கநாதனின் நூலக விதிகளில் நிதியும் பணியாளரும்

முன்னுரை

பொது நூலகங்களுக்கான நிதியும் பணியிடங்களும் பெரும்பாலும் நிருவாகச் செலவாகவே கருதப்படுகின்றன. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் இக்கருத்துக்கு மாறானவை. நிதியும் பணியாளரும் நூலகக் கோட்பாட்டின் உள்ளுறுப்புகளே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

விதிகளும் கடப்பாடும்

நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது முதல் விதி. நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றோடு பணியாளரையும் இரங்கநாதன் இவ்விதியின்கீழ் விளக்குகிறார். எனவே, நூலகர் இல்லாத நூலகம் முதல் விதியிலேயே தவறுகிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. சட்டமியற்றலும் நிதி வழங்கலும் அரசின் கடமைகளாக இதன்கீழ் பேசப்படுகின்றன. வாசகரின் நேரத்தைக் காக்கும் நான்காம் விதியும் பகுப்பு, பட்டியல், வழிகாட்டல் ஆகியவற்றை அறிந்த பணியாளரின்றி நிறைவேறாது.

சட்டமும் அதன் எல்லையும்

இவ்விதிகளுக்கு 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் செயல்வடிவம் தந்தது. சொத்து வரியுடன் நூலக வரி தண்டப்பட்டு நூலக ஆணைக்குழுவைச் சேர வேண்டும். சென்னை மாநகர் நீங்கலாக ஏனைய ஆணைக்குழுக்களுக்கு, திரண்ட வரிக்குக் குறையாத தொகையை அரசும் வழங்க வேண்டும் என அது வகுத்தது. ஆகவே நூலக நிதி அரசின் கொடையன்று. வாசகரின் சட்டவழி உரிமையாகும்.

எனினும் இவ்வமைப்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கட்டடங்கள் மிகுந்த நகர்ப்பகுதியில் வரி பெருகும். சிற்றூர்கள் நிறைந்த பகுதியில் சுருங்கும். வரிக்கு நிகராக மானியம் அமையும்போது குறைந்த வருவாய்க்குக் குறைந்த மானியமே கிட்டும். மாற்று வாய்ப்பற்ற ஊர்ப்புற வாசகருக்கே நூலகம் மிகுதியும் தேவை. நிதியோ அங்கேயே குறைகிறது. இரண்டாம் விதி வாசகரைக் கணக்கிடுகிறது. சட்டம் வரியைக் கணக்கிடுகிறது.

பணியாளரும் தமிழாய்வும்

தமிழாய்வுக்கும் இது புறம்பானதன்று. கிளை நூலக அடுக்கில் ஒரே படியாக எஞ்சியிருக்கும் பழம்பதிப்போ சிற்றிதழோ பட்டியலில் இடம்பெறாவிடின் ஆய்வாளருக்கு அது இல்லாததற்கு ஒப்பாகும். அதனை இனங்கண்டு பதிவுசெய்பவர் பயிற்சி பெற்ற நூலகரே. பணியிடம் வெற்றாகும்போது நூலின் இருப்பை அறிந்த நினைவும் அற்றுப்போகிறது. பின்னர் எண்மமாக்க முனைவோர்க்கும் எதனை எண்மமாக்குவது என்பது தெரியாமற்போகும்.

முடிவுரை

நூலகப் பணியிடங்களை வருவாய் அளவால் அன்றி வாசகர் தேவையால் வரையறுப்பதே இரங்கநாதனின் விதிகளுக்கு இயைந்தது. வரி முறையாக ஆணைக்குழுவைச் சேர்வதும், வருவாய் குன்றிய பகுதிகளுக்கு அரசு கூடுதல் மானியம் வழங்குவதும், பயிற்சி பெற்ற நூலகரைப் பணியமர்த்துவதும் ஒருங்கே நிகழ வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் நூலகம் நூல்களின் கிடங்காகவே எஞ்சும்.