நிவாரணம் யார் பெயரில் வரும்?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் 3 ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டேன். கதிர் வரும் நேரத்தில் மழைத் தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் நின்று பயிர் அழுகிவிட்டது. அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். பக்கத்து வயல்காரருக்குப் பணம் ஏறிவிட்டது, எனக்கு வரவில்லை. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். பயிர்க் காப்பீடும் செய்திருக்கிறேன். நான் யாரிடம் போய்க் கேட்பது?

– ஒரு குத்தகை விவசாயி

பதில்: முதலில் உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்தப் பருவத்து அடங்கலைப் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே சம்பா நெல் பதிவாகியிருக்கிறதா, சாகுபடி செய்தவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று கவனியுங்கள். அங்கே நிலத்துக்காரர் பெயர் மட்டும் இருந்தால், நிவாரணப் பட்டியலிலும் அவர் பெயரே ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது சேத அளவு. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே நிவாரணம் உண்டு. 2015 வரை இது 50 சதவீதமாக இருந்தது. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்துதான் கணக்கெடுக்கும். வரப்பில் நின்று பார்த்தால் தாள் பச்சையாகத் தெரியும். ஒரு குத்தைப் பிடித்து இழுத்தால் அழுகிய வேர் கையோடு வரும். ஆகவே அவர்களை வயலுக்குள் இறங்கச் சொல்லிப் பயிரைப் பிடுங்கிக் காட்டுவது உங்கள் உரிமை. தண்ணீர் நிற்கும்போதும் வடிந்த பிறகும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொகை எவ்வளவு? 2024 ஃபெஞ்சல் புயலின்போது தமிழக அரசு பாசன வசதியுள்ள நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் அப்போதைய விதிமுறையும் அதுவே. ஒருவருக்கு 2 எக்டேர் வரைதான். அந்தக் கணக்கில் உங்கள் 3 ஏக்கருக்கு ஏறக்குறைய 20,600 ரூபாய் வரும். விதிமுறை இதை இடுபொருள் மானியம் என்கிறது. போன விளைச்சலின் விலையை இது ஈடுகட்டாது; அடுத்த விதைக்கும் உரத்துக்கும் கை கொடுக்கும் உதவி, அவ்வளவே.

காப்பீடு வேறு கணக்கு. சம்பாவுக்கு நீங்கள் கட்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அங்கே பெரும்பாலும் உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை. பயிர் அறுவடைப் பரிசோதனையில் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூல் நிர்ணயித்த அளவைவிடக் குறைந்தால்தான் இழப்பீடு. அதனால் நிவாரணம் வாங்கியவருக்குக் காப்பீடு வராமல் போவதும், காப்பீடு வந்தவருக்கு நிவாரணம் வராமல் போவதும் உண்டு. இரண்டையும் தனித்தனியே விசாரியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அடங்கல் நகல், குத்தகை ரசீது, காப்பீட்டு ரசீது, ஆதார், வங்கிப் புத்தக நகல், படங்கள் இவற்றை இணைத்து வட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அங்கே நடக்கவில்லையென்றால், மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் கிராமத்தின் கணக்கெடுப்புப் பட்டியலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நிரந்தரத் தீர்வுக்கு வழி 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. குத்தகைதாரராக உங்கள் பெயரைப் பதியச் சொல்லி மனுச் செய்யுங்கள். நிலத்துக்காரர் சங்கடப்படுவார் என்று டெல்டாவில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். மழை வந்த பிறகு அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவர்களும் அவர்களே. சேற்றில் இறங்கிக் கடன்பட்டுப் பயிர் வைத்தவருக்குத்தான் இந்தப் பணம் போய்ச் சேர வேண்டும். அடங்கல் எழுதும்போதே வயலில் யார் உழுகிறார் என்று பார்த்து எழுதுவது அரசின் கடமை. அடுத்த சம்பாவுக்கு நடவு முடிந்த வாரத்திலேயே போய் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.