மிதவை சொன்ன பூஜ்யம்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய இரண்டு வீடியோக்களையும் பார்த்தேன். முதலாவதில், தொட்டி காலியாக இருக்கும்போது ரிலே சும்மா கிடக்கிறது. மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்ததும் 'டக்'கென்று மோட்டாரைப் போடுகிறது. "எல்லாம் தலைகீழா நடக்குது மாமா" என்று அலுத்துக்கொள்கிறாய். போர்டு மீது தப்பில்லை, கண்ணு. 1 வந்தால் தொட்டி நிரம்பிவிட்டது என்று நீயாக நினைத்துக்கொண்டாய். அது அப்படிச் சொல்லவே இல்லை.

மிதவை சுவிட்சின் ஒரு கம்பி இரண்டாம் பின்னில், மற்றது கிரவுண்டில். உள் புல்-அப்பையும் போட்டிருக்கிறாய். உன் ஆர்டுயினோ ஊனோவின் அட்மெகா328பி சிப்புக்குள் அது 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான ஒரு ரெசிஸ்டர். சுவிட்ச் திறந்திருக்கும்வரை பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும், படித்தால் 1. தண்ணீர் ஏறி, மிதவை எழும்பி, சுவிட்ச் மூடினால் கிரவுண்ட் ஜெயித்துவிடும், படித்தால் 0. அதாவது 'நிரம்பியது' என்பதற்கு உன் வயரிங்கில் அடையாளம் 0. இதைத்தான் ஆக்டிவ் லோ என்கிறோம்.

இது பழைய டிடிஎல் காலத்து வழக்கம். 7400 சிப்பின் அவுட்புட் கிரவுண்ட் பக்கம் 16 மில்லி ஆம்பியர் வரை உள்வாங்கும்; மேல் பக்கம் கொடுக்கச் சொன்னால் 0.4 தான். கீழே இழுப்பது சுலபம் என்பதால் 0 வந்தால் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். சிப்புகள் மாறிவிட்டன, பழக்கம் போகவில்லை.

சரி, கோடில் திருப்பிவிடலாம் என்று ~ போட்டாயே, அங்கேதான் எல்லோரும் ஒருமுறை விழுகிறோம். புரிவதற்காகப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன். கம்பைலரிடம் இப்படியே கொடுத்துவிடாதே. 'மிதவை' என்ற மாறியில் 0 அல்லது 1 இருக்கிறது. ~மிதவை என்றால் அதன் எல்லா பிட்டும் புரளும், கடைசி பிட் மட்டும் அல்ல. ~0 என்பது -1. ~1 என்பது 0 இல்லை, -2. 'இஃப்' கண்ணுக்குப் பூஜ்யம் அல்லாத எதுவும் உண்மைதான். ஆகவே தொட்டியில் என்ன இருந்தாலும் உன் கோடுக்கு அது நிரம்பிய தொட்டி. இரண்டாவது வீடியோவில் மோட்டார் ஒரேயடியாக ஊமையானது இதனால்தான்.

எட்டு பிட் மாறியாக அறிவித்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. ~ போடும் முன்பே சி மொழி அதை இன்ட் அளவுக்கு உயர்த்திவிடும். இந்தச் சிப்பில் அது 16 பிட். 85ஐ மாறியில் வைத்து, ~ போட்டு, 170க்குச் சமமா என்று கேட்டுப் பார். இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் உள்ளே நிற்பது -86. மறுபடி எட்டு பிட்டுக்கு வெட்டினால்தான் 170.

உனக்கு வேண்டியது ! குறி. 0 என்றால் 1 தரும், மற்ற எதற்கும் 0. போர்ட்டை நேராகப் படிக்கும்போது மட்டும் அடைப்புக்குறியில் கவனம். பின்களின் நிலையைத் தரும் பின்டி (PIND) ரெஜிஸ்டரில் இரண்டாம் பின்னுக்கு மாஸ்க் 4. !பின்டி & 4 என்று எழுதினால் ! முதலில் ஓடி 0 அல்லது 1ஐக் கொடுக்கும்; அதை 4 உடன் & செய்தால் எப்போதும் 0. கம்பைலரும் பெரும்பாலும் வாய் திறக்காது. !(பின்டி & 4) என்று எழுது. ~பின்டி & 4 என்பதும் சரிதான், ஆனால் விடை 1 அல்ல, 4 ஆக வரும். பல பின்களில் சிலதை மட்டும் திருப்ப வேண்டுமானால் ^ இருக்கிறது: பின்டி ^ 4 இரண்டாம் பின்னை மட்டும் புரட்டும், மற்றவற்றைத் தொடாது.

திருப்புவதை ஒரே இடத்தில் செய். நிரம்பியது = !(பின்டி & 4) என்று படித்த கையோடு முடித்துவிடு. அதற்குக் கீழே எங்கும் 0, 1 பேச்சே வரக்கூடாது, 'நிரம்பியது' என்ற சொல் மட்டும். நான் ஒருமுறை மூன்று இடங்களில் ! போட்டுவிட்டு, எது எதைத் திருப்புகிறது என்று தெரியாமல் பாதி ராத்திரி உட்கார்ந்திருந்தேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு, உன் தொட்டிக்கு இந்தத் திருப்பலே வேண்டாம் என்றால் கோபப்படுவாய். மொட்டை மாடியிலிருந்து வரும் கம்பியை அணில் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள். புல்-அப் 1ஐக் காட்டும். உன் கோடு 'இன்னும் நிரம்பவில்லை' என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும், தெருவெல்லாம் தண்ணீர். சுவிட்ச் மறுபுறமாக வேலை செய்தால், அதாவது நிரம்பும்போது திறந்தால், நிரம்பினாலும் 1, கம்பி அறுந்தாலும் 1. இரண்டிலும் மோட்டார் நிற்கும். உன்னிடம் இருப்பது சின்ன பிளாஸ்டிக் ரீட் வகை. தண்டின் நுனியில் உள்ள கிளிப்பைக் கழற்றி, மிதவையைத் தலைகீழாக மாட்டினால் போதும். அவ்வளவு நீளக் கம்பிக்கு உள் புல்-அப் பலவீனம். வெளியே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டுவிடு.

மிதவையைத் திருப்பிய கையோடு கோடில் இருக்கும் அந்த ! குறியை எடுத்துவிடு. மறந்தாயானால் முதல் வீடியோவை எனக்கு மறுபடியும் அனுப்புவாய்.

அன்புடன்,
மாமா