கக்குகிற பிள்ளையின் தட்டில் கை வைக்குமுன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஒன்றே முக்கால் வயதாகியும் பிள்ளை சாப்பிட்டதை எதுக்களிக்கிறான், ராத்திரி தூக்கத்தில் நெளிந்து அழுகிறான், காலையில் வாய் புளித்து வாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைவிடக் கவலை தந்தது கடிதத்தின் கடைசிப் பத்தி. முட்டை ஆகாது, தக்காளி ஆகாது, கோதுமை, வாழைப்பழம், பருப்பு ஆகாது என்று ஆளுக்கொன்று சொல்ல, எல்லாம் நின்றுபோய் இப்போது ரசஞ்சாதமும் பாட்டில் பாலும்தான் ஓடுகிறது. அப்படியும் வாந்தி நிற்கவில்லை. பிள்ளையின் தட்டு மட்டும் காலியாகிவிட்டது.

‘கக்கின பிள்ளை தக்கும்’ என்று உன் மாமியார் சொல்வது கைக்குழந்தைக்கு முழு உண்மை. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு வளையத்தசை இருக்கிறது. சுருக்குப்பையின் வாய்போல இறுகிக் கிடந்து, விழுங்கும்போது திறக்கவேண்டியது அது. யாருக்கும் அது இடையிடையே தானாகத் தளரும். கைக்குழந்தைக்கோ ஆகாரம் முழுக்கத் திரவம், பொழுதெல்லாம் படுக்கை, உணவுக்குழாயும் குட்டை. தசை தளர்ந்தால் பால் வாய்வரை வந்துவிடும். 1997இல் சிகாகோ வட்டாரக் குழந்தைகளைப் பற்றி வெளியான ஆய்வில், நான்கு மாத வயதில் மூன்றில் இரண்டு குழந்தைகள் தினம் ஒருமுறையாவது கக்கின. பத்து மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் அது நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தது. உட்காரவும் நிற்கவும் கெட்டியாகச் சாப்பிடவும் தொடங்கியதும் பெரும்பாலும் மருந்தில்லாமலே அடங்கிவிடும்.

நடக்கிற பிள்ளைக்கு அந்தப் பழமொழி போதாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள குழந்தைகள் இரைப்பை, குடல் மருத்துவச் சங்கங்கள் 2018இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, ஒன்று, ஒன்றரை வயதைத் தாண்டியும் தொடர்ந்தால் காரணத்தைத் தேடவேண்டும் என்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாக ஆரம்பித்தாலும் அப்படித்தான். பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் தேடுவதில் ஒரு வரிசை உண்டு.

முதலில், சாப்பிட்டபின் வருவதெல்லாம் எதுக்களிப்பு அல்ல. சளி இருமலில் பிள்ளை இருமி இருமி வாந்தி எடுக்கும். நாலு நாள் மலம் கட்டிக் கிடந்தால் வயிறு உப்பி, உண்டது மேலே வரும். செல்போனைக் காட்டி, வாயைத் திறக்க வைத்து, ‘இன்னும் ஒரே வாய்’ என்று திணித்தால் குமட்டிக்கொண்டு வரும். இந்த மூன்றுக்கும் எந்தப் பண்டத்தை நிறுத்தினாலும் பலன் கிடையாது. பெரியவர் உண்பதில் நாலில் ஒரு பங்குதான் இந்த வயதுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அந்த அளவில் நாளைக்கு ஐந்தாறு வேளை கொடுத்து, போதும் என்று முகம் திருப்பினால் தட்டை எடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது ராத்திரியில் கொடுக்கும் அந்தப் பாட்டில் பால். எத்தனையோ வீடுகளில் பிள்ளை சாதத்தைக் கக்குகிறது என்று சாதத்தைக் குறைத்து, அந்தக் குறையைப் பாலால் நிரப்புகிறார்கள். வயிறு முட்டப் பாலைக் குடித்து உடனே படுத்தால் அது மேலேறத்தான் செய்யும். ஒரு வயதுக்குமேல் நாளைக்கு அரை லிட்டர் பால் தாராளம். அதற்குமேல் போனால் சாப்பாட்டில் பசி இராது, இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகையும் வரும். பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்று. கடைசி ஆகாரத்துக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். டீயில் பிஸ்கட் தொட்டுக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்து. டீயில் உள்ள கஃபீன் அந்த வளையத்தசையைத் தளர்த்தக்கூடியது, டீ இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது.

தக்காளி, புளிப்பு, காரம், சாக்லேட், எண்ணெய்ப் பலகாரம் ஆகியவை பெரியவர்களின் நெஞ்செரிச்சலில் பெயர் வாங்கியவை. குழந்தைகளிடம் இவற்றுக்கான சான்று மெலிவு. ஒன்றைத் தின்றபின் பிள்ளை திரும்பத் திரும்ப அவதிப்படுகிறான் என்று கண்ணால் பார்த்தால் அதைக் குறைக்கலாம். பார்க்காமலே விலக்குவதில் அர்த்தமில்லை.

உண்மையில் ஒரு பண்டத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் அது பெரும்பாலும் பசும்பால். நீ நிறுத்தாமல் வைத்திருப்பதும் அதைத்தான். பால் புரத ஒவ்வாமை எதுக்களிப்பைப் போலவே வேஷம் போடும். கூடவே தோலில் கரப்பான், மலத்தில் சளி அல்லது ரத்தத் தீற்று, குறையும் எடை இருந்தால் சந்தேகம் வலுக்கும். இது லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை அல்ல. அதில் வயிற்றுப்போக்கும் உப்புசமும்தான் முக்கியம். ரத்தத்தில் ‘ஐஜிஜி’ பார்த்து முப்பது நாற்பது பண்டங்களைப் பட்டியலிட்டுத் தரும் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிடாதே. ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அது உதவாது.

வழி இதுதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பாலை மட்டும் இரண்டிலிருந்து நான்கு வாரம் முழுதாக நிறுத்தவேண்டும். முழுதாக என்றால் தயிர், மோர், பன்னீர், நெய் எல்லாமும்தான். பிஸ்கட், ரஸ்க், சத்துபானப் பொடி உறைகளில் மில்க் சாலிட்ஸ், வே, கேசின் என்று எழுதியிருந்தால் அவையும் பால்தான். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்றாகாது, அவற்றின் புரதமும் அதே ஜாதி. அந்த நாட்களில் ராகி கைகொடுக்கும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, ஆனால் அத்தனையும் உடம்பில் ஏறுவதில்லை. ஆகவே தனியாகக் கால்சியம் வேண்டுமா என்று மருத்துவரைக் கேள். இந்தச் சோதனைக்கு முன்னால் நிறுத்திய மற்றப் பண்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் எது உதவியது என்று ஒருகாலும் தெரியாது.

பலன் தெரிந்தாலும் பாதிதான் முடிந்தது. பாலைத் திரும்பக் கொடுத்து, தொந்தரவு மறுபடி வந்தால்தான் பால்தான் காரணம் என்று நிச்சயம். பலர் இந்தப் படிக்கு வருவதே இல்லை. தானாகக் குறைந்த எதுக்களிப்புக்காகப் பிள்ளை வருஷக்கணக்கில் பாலை இழக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: எப்போதாவது பால் குடித்த உடனே தடிப்போ உதடு வீக்கமோ வந்திருந்தால், இந்தத் திரும்பக் கொடுக்கும் வேலை வீட்டில் கூடாது. மருத்துவமனையில்தான்.

யாரும் சந்தேகிக்காத அரிசிக்கும் இதில் இடமுண்டு. சில குழந்தைகளுக்கு ஒரு பண்டத்தைத் தின்று ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்தில் அடுக்கடுக்காக வாந்தி வந்து, உடம்பு வெளுத்துத் துவண்டுபோகும். தோலில் ஒரு தடிப்பும் இருக்காது. எஃப்பைஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த ஒவ்வாமையில், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அரிசி முன்வரிசைக் காரணங்களில் ஒன்று. இது தினசரி எதுக்களிப்பு போல இருக்காது. குறிப்பிட்ட பண்டத்துக்கு மட்டும் வரும். அதனால்தான் ஒரு நோட்டு வேண்டும் என்பது. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வாந்தி எப்போது, அன்று சளியோ மலச்சிக்கலோ உண்டா என்று மட்டும் குறித்தால் போதும்.

இன்னொரு கதையும் தெரிந்திருக்கட்டும். அமில மருந்துகளுக்கு அடங்காத பத்துக் குழந்தைகளைப் பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1995இல் எழுதினார்கள். சாதாரண உணவை நிறுத்தி, அமினோ அமிலங்களால் ஆன பால்மாவை மட்டும் கொடுத்தபோது எட்டுப் பேருக்குத் தொந்தரவு நீங்கியது, மற்ற இருவருக்கும் குறைந்தது. ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் என்று இன்று அழைக்கப்படும் உணவுக்குழாய் ஒவ்வாமை பற்றிய தெளிவு அதிலிருந்து வளர்ந்தது. கெட்டியானதை மறுப்பது, வெகுநேரம் மென்றுகொண்டே இருப்பது, தொண்டையில் அடைப்பது ஆகியவை அதன் சாடைகள். பிடிவாதக்காரப் பிள்ளை என்று அதட்டப்படுகிற சில குழந்தைகள் உண்மையில் விழுங்கச் சிரமப்படுகிறவர்கள்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் உறுதியாக இரு. ஒருகாலத்தில் எதுக்களிப்புக்கு உலகமெங்கும் கொடுத்த சிசாப்ரைடு, இதயத் துடிப்பைக் குலைத்ததால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. இந்தியா 2011இல் தடை செய்தது. அமிலம் குறைக்கும் மருந்தான ரானிடிடினை 2020இல் அமெரிக்கா விலக்கியது. மருந்துக்கடையில் தானாக வாங்கும் டோம்பெரிடோன் சிரப்பும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியதே, குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதை 2018 வழிகாட்டி ஆதரிக்கவில்லை. அமிலம் குறைக்கும் மருந்து எழுதினால் எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது என்று அங்கேயே கேட்டுவிடு. சுட்ட வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்பவர்களிடம் மரியாதையாக மறுத்துவிடு. உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடுத்துவிட்டது.

அடுத்த வாரம் குழந்தை மருத்துவரிடம் போகும்போது நோட்டோடு தாய் சேய் நல அட்டையையும் எடுத்துக்கொள். இரண்டாம் வயதில் பிள்ளை சுமார் 2.5 கிலோ கூடவேண்டும். அந்தக் கோடு ஏறுகிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். பச்சை நிறத்தில் வாந்தி, அதில் ரத்தம், வயிறு வீங்கிக் கல்லாவது, சிறுநீர் குறைந்து சோர்ந்துகிடப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த நாள்வரை காத்திருக்காமல் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. விடியற்காலையில் தலைவலியோடு வாந்தி எடுத்தாலும் தள்ளிப்போடாதே. மற்றபடி நாளைக் காலை முட்டையிலிருந்து ஆரம்பி. அவனுக்கு அது பிடிக்கும் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய்.

அன்புடன்,
பெரியம்மா