புரதங்கள் உரைக்கும் நிமித்தம்

நிமித்தம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று வருவதை உணர்த்தும் குறி, மற்றொன்று காரணம். புற்றுநோயாளர்தம் உடலிலுள்ள சில புரதங்களை அளந்து நோயின் போக்கினை முன்னறியும் முறை இக்காலத்துப் பெருவழக்காயுள்ளது. அதனை விளங்கிக்கொள்ளப் புகுவார்க்கு இவ்விரு பொருளையும் பிரித்துணர்தல் பெரிதும் உதவும். விஞ்ஞானங் கற்ற பழைய மாணவர் புரதங்களை என்னிலும் நன்கறிவர். சொற்பொருளே என் துறை.

குறியாக மட்டும் நிற்கும் புரதத்தை முதற்கண் நோக்குவாம். என்புமச்சையிலே தோன்றும் புற்றுநோய்களுள் ஒன்று மயலோமா. பீற்றா-2 மைக்ரோகுளோபுலின் என்பது உடற்கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு சிறு புரதம். கலங்கள் உதிர்க்கும் அதனைச் சிறுநீரகம் அகற்றும். நோய்க்கலங்கள் பெருகினும் சிறுநீரகம் பழுதுறினும் குருதியில் அதனளவு உயரும். மயலோமாவோ இவ்விரண்டையுஞ் செய்ய வல்லது. 10,750 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்தோர், இப்புரதத்தையும் அல்புமினையுங் கொண்டு 2005ஆம் ஆண்டில் மூன்று படிகளை வகுத்தனர். முன்னையது இலீற்றருக்கு 3.5 மில்லிகிராமிற் குறைந்தும், அல்புமின் 100 மில்லிலீற்றருக்கு 3.5 கிராமிற் குறையாதும் இருப்பின் முதற்படி, முன்னையது 5.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆயின் மூன்றாம் படி. ஏனையவெல்லாம் இரண்டாம் படி. வாழ்நாளின் இடையம் முறையே 62, 44, 29 மாதங்கள்.

ஈண்டு இடையம் என்னுஞ் சொல்லை ஊன்றி நோக்குக. 29 மாதம் என்பது ஒருவருக்கு விதிக்கப்பட்ட நாளன்று. அப்படியினருள் அரைவாசிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதே அதன் பொருள். இதனை உணராது, பரிசோதனைத் தாளைச் சாதகக் குறிப்பெனக் கொண்டு நடுங்குவோர் பலர். அன்றியும் அவ்வெண்கள் அக்காலத்து மருந்துகளோடு பிணைந்தவை. மருந்து மாறின் எண்ணும் மாறும்.

குறியும் காரணமும் ஒருங்கே ஆவது மார்பகப் புற்றுநோயிற் காணும் ஹெர்-2 புரதம். கலத்தின் மேலே நின்று, வளர்க என்னும் ஏவலை உள்ளே செலுத்துவது அது. 1987இல் டெனிஸ் சிலாமனும் உடனாய்வாளரும் 189 கட்டிகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 30 வீதமானவற்றில் இப்புரதத்துக்குரிய பரம்பரையலகு பன்மடங்காகியிருந்தது. நிணநீர்க்கணுக்களுக்கு நோய் பரவியிருந்தோருள் இத்தகையோருக்கு நோய் விரைந்து மீண்டது, வாழ்நாளுங் குறுகியது. தீநிமித்தமே! ஆயினும் அது காரணமுமாய் இருந்தமையின் அதனையே இலக்காகக் கொள்ள இயன்றது. அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியாகிய டிராஸ்டுசுமாப் 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் அநுமதி பெற்றது. ஹெர்-2 மிகுந்தோரிடை நிகழ்ந்து 2005இல் வெளியான ஆய்வுகளிலே, சத்திரசிகிச்சையின் பின் ஏனைய மருந்துகளோடு இதனையும் பெற்றவர்க்கு நோய் மீளுதல் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது.

ஆதலின் ஹெர்-2 மிகுந்துள்ளதென வைத்தியர் கூறுமிடத்து, இன்ன மருந்து பயன்படலாம் என்பதும் அச்செய்தியுள் அடங்கும். இதனை அறியக் கட்டியின் சிறு துண்டினைச் சாயமூட்டி 0 முதல் 3 வரை மதிப்பிடுவர். 3 எனின் ஐயமில்லை; 2 எனின் பரம்பரையலகையும் எண்ணிப் பார்த்த பின்னரே முடிவு கூறுவர்.